உங்கள் சமையலறையில் ஓர் இறாத்தல் எத்தனை கிராம்?



பெருநாளைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பிலிமத்தலாவையில் எங்கள் அயல் வீட்டில் நடந்த சங்கதி இது. அந்த வீட்டு மகள் உம்மும்மாவின் பழைய சமையல் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு பட்டர் கேக் அடித்தாள். கொப்பியில் இருந்த கணக்கு இலேசானது: ஒரு றாத்தல் பட்டர், ஒரு றாத்தல் சீனி, ஒரு றாத்தல் மா, பத்து முட்டை. றாத்தல் என்றால் ஏறக்குறைய அரைக் கிலோதானே என்று எண்ணி மாவிலும் சீனியிலும் 500 கிராம் எடுத்தாள். பட்டருக்கு 200 கிராம் பொதிகள் இரண்டை உடைத்துப் போட்டாள். கேக் வெந்தது. வெட்டியபோது உலர்ந்த பாண் போல உதிர்ந்தது.

“அந்தக் காலத்து றாத்தலுக்கும் இந்தக் காலத்துக் கிலோவுக்கும் ஒத்து வருமா, மகள்?” என்று உம்மும்மா கேட்டாராம்.

என்ன பிழை நடந்தது? ஓர் இறாத்தல் 454 கிராம். மாவும் சீனியும் 46 கிராம் வீதம் கூடின. பட்டரோ 54 கிராம் குறைந்தது. 500 கிராம் மாவுக்கு 500 கிராம் பட்டர் வேண்டும். போட்டது 400 கிராம்தான். ஐந்தில் ஒரு பங்கு இல்லை! இன்று பட்டரும் முட்டையும் விற்கும் விலையில் இது சிறிய நட்டமா?

நம் நாட்டில் மெட்ரிக் அளவைகள் 1970களிலேயே வந்துவிட்டன. பின்னர் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டமும் வந்தது. ஆனாலும் பழைய அளவுகள் நம் நாவை விட்டுப் போகவில்லை. பிலிமத்தலாவைக் கடைவீதியில் சற்று நின்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் “ஒரு றாத்தல் பாண்” என்பார். அடுத்தவர் “அரைக் கிலோ பருப்பு” என்பார். மூன்றாமவர் “ஒரு போத்தல் தேங்காயெண்ணெய்” என்பார். வீட்டில் நாமோ சோற்றுக்குச் சுண்டுக் கணக்கில் அரிசி அளக்கிறோம். நான்கு சுண்டு ஒரு கொத்து. கொத்தரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்ததால்தான் 1953இல் நாடே ஹர்த்தாலில் இறங்கியது என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

பொதிகளின் மேல் அச்சாகியிருக்கும் எண்களிலும் பழைய அளவு ஒளிந்திருக்கிறது. பட்டர் பொதியில் 227 கிராம் என்று கண்டால் அது அரை இறாத்தல். மீன் டின்னில் உள்ள 425 கிராம் என்பது 15 அவுன்ஸ். போத்தல் என்பது கலனில் ஆறில் ஒரு பங்கு. அதனால்தான் எண்ணெய்ப் போத்தல் 750 மில்லிலீற்றர் அளவில் நிற்கிறது. அதை ஒரு லீற்றர் என்று எண்ணி வாங்கினால் கால் லீற்றர் நமக்குக் குறைவு.

இவற்றை ஒரு தாளில் எழுதிக் குசினி அலுமாரியில் ஒட்டி வையுங்கள்:

1 அவுன்ஸ் – 28 கிராம்
கால் இறாத்தல் – 113 கிராம்
அரை இறாத்தல் – 227 கிராம்
1 இறாத்தல் – 454 கிராம்
1 தேக்கரண்டி – 5 மில்லிலீற்றர்
1 மேசைக்கரண்டி – 15 மில்லிலீற்றர்
350 பாகை பரனைட் – ஏறக்குறைய 180 பாகை செல்சியஸ்

தராசு இல்லாத வீட்டில் கோப்பைதான் அளவு. இங்கும் கவனம் தேவை. அமெரிக்கச் சமையற் குறிப்பில் வரும் கோப்பை ஏறக்குறைய 240 மில்லிலீற்றர். நாம் தேநீர் குடிக்கும் கோப்பை அதைவிடச் சிறியதாக இருக்கலாம். அதோடு ஒரு கோப்பை மா 125 கிராம் அளவில்தான் நிறுக்கும். அதே கோப்பைச் சீனியோ 200 கிராம். கோப்பை காட்டுவது கொள்ளளவை, நிறையை அல்ல. ஸகாத்துல் ஃபித்ருக்குரிய ‘ஸாஉ’ கூட கொள்ளளவுதான். அதனாலேயே அதைக் கிலோவில் சொல்லும்போது தானியத்துக்குத் தானியம் நிறை மாறுகிறது.

எல்லாச் சமையலுக்கும் இவ்வளவு கணக்கு வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. ஆணத்துக்குக் கையும் கண்ணும் போதும். வட்டிலப்பத்தில் கருப்பட்டி 46 கிராம் கூடினால் இனிப்புத்தான் சற்றுக் கூடும். கேக் அப்படியல்ல. அதில் பொருட்களுக்கிடையே உள்ள விகிதமே முக்கியம். ஆகவே, றாத்தல் குறிப்பைக் கிலோவுக்கு மாற்றினால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். மா, சீனி, பட்டர் மூன்றையும் 500 கிராமாக எடுத்தால் முட்டை பத்துக்குப் பதினொன்று.

அளவைக் குழப்பம் படித்தவர்களையும் விடுவதில்லை. 1983இல் கனடாவில் ஒரு பயணிகள் விமானத்துக்குக் கிலோவில் நிரப்ப வேண்டிய எரிபொருளை இறாத்தல் கணக்கில் நிரப்பிவிட்டார்கள். தேவையானதில் பாதிகூட இல்லை. நடுவானில் இயந்திரங்கள் நின்றன. விமானி கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் எப்படியோ இறக்கினார், உயிரிழப்பு ஏற்படவில்லை.

நம் வீட்டிலும் அளவு பிழைத்தால் ஆபத்தாகும் இடம் ஒன்றுண்டு. அது குழந்தையின் மருந்து. குசினிக் கரண்டிகள் ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. டொக்டர் 5 மில்லிலீற்றர் என்று எழுதித் தந்தால், மருந்துப் போத்தலோடு வரும் அளவு மூடியில்தான் ஊற்ற வேண்டும்.

கடையிலும் கணக்கைக் கைவிடாதீர்கள். பால்மாப் பொதி 400 கிராம் 1000 ரூபா, ஒரு கிலோப் பொதி 2600 ரூபா என்று வைத்துக்கொள்வோம். சிறியதில் 100 கிராம் 250 ரூபா. பெரியதில் 260 ரூபா. பெரிய பொதி எப்போதும் மலிவு என்ற எண்ணம் இங்கே பொய்த்துவிடுகிறது. ஆகவே விலையை மட்டும் பாராமல் நிகர நிறையையும் பாருங்கள்.

அளவில் குறைவு செய்வோரைக் கண்டிக்கவே குர்ஆனில் ஓர் அத்தியாயம், 83ஆவது, இருக்கிறது. விற்பவர் நேர்மையாக அளப்பது அவரது கடமை. அளவை அறிந்து வாங்குவது நமது பொறுப்பு.

உம்மாவின், உம்மும்மாவின் கொப்பி உங்கள் வீட்டிலும் இருக்கும். இன்றே எடுங்கள். ஒவ்வொரு றாத்தலுக்கும் பக்கத்தில் கிராமை எழுதுங்கள். அவர்களின் கைப்பக்குவம் உங்கள் மகளின் கைக்கும் பிசகாமல் போய்ச் சேரட்டும்.