இணங்கவைத்தலும் அதன் சமூக அடிப்படையும்

சொல்லால் ஒருவரை இணங்கவைத்தல் மனித சமுதாயங்கள் அனைத்திற்கும் பொதுவான செயலாகும். ஆயின், அது பற்றிய எண்ணக்கரு எங்கணும் ஒன்றாக இருந்ததில்லை. இவ்வேறுபாட்டை இனங்களின் இயற்கைக் குணமாகக் கொண்டு, மேலைத்தேயத்தவர் வாதிடுபவர், கீழைத்தேயத்தவர் பணிந்து பேசுபவர் என வகுப்போர் உளர். வரலாற்று நோக்கில் இக்கூற்றுப் பொருந்துவதன்று. யாருடைய இணக்கத்தைப் பெறவேண்டியிருந்தது என்பதே அடிப்படை வினாவாகும்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் முடிவெடுக்கும் அதிகாரம் குடிமக்களின் பேரவையிடமும், பலநூறு பேர் கொண்ட நடுவர் மன்றங்களிடமும் இருந்தது. வழக்காடுவோர் பெரும்பாலும் தாமே பேசினர். பேசும் நேரம் நீர்க்கடிகாரத்தால் அளக்கப்பட்டது. நாவன்மை பற்றிய தமது நூலில் அரிஸ்டோட்டில் பேச்சினை அரசியற் பேச்சு, வழக்குப் பேச்சு, புகழ்ச்சி இகழ்ச்சிப் பேச்சு என மூன்றாக வகுத்தார். கேட்போர் மூவகையினர் என்பதே அவ்வகுப்பிற்கு அவர் காட்டிய காரணம்.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின்னர் சீனாவில் வாழ்ந்த ஹான் பெய்யின் நிலைமை வேறானது. அங்கு முடிவு மன்னன் ஒருவனுடையது. இணங்கவைத்தலின் இடர்கள் குறித்துத் தனியோர் இயலே எழுதிய அவர், உண்மையான இடர் சொல்வன்மைக் குறைவில் இல்லை, கேட்பவனின் உள்ளத்தை அறிவதிலேயே உள்ளது என்றார். அதனை நன்கறிந்த அவரும் கி.மு. 233இல் சின் அரசின் சிறையில் உயிர்துறந்தார்.

இவ்விரு நிலைமைகளும் ஒரே பண்பாட்டினுள்ளும் அமையலாம். திருக்குறளின் அமைச்சியலில் 'மன்னரைச் சேர்ந்தொழுதல்', 'குறிப்பறிதல்' ஆகிய அதிகாரங்களை அடுத்தே 'அவையறிதல்', 'அவையஞ்சாமை' என்பன வருகின்றன. வேந்தனின் முகக்குறிப்பும் கற்றோர் அவையும் ஒரே அமைச்சன் எதிர்கொள்ளவேண்டிய களங்களாயிருந்தன.

இதனால் ஏதென்ஸை இலட்சியமாக்குதலும் தகாது. அடிமைகளும் பெண்களும் அயலாரும் அதன் பேரவையிற் பேச இயலாதிருந்தனர். அடிமையின் சாட்சியம், சித்திரவதையின் மூலம் பெறப்பட்டாலன்றி, நீதிமன்றத்தில் பொதுவாக ஏற்கப்படவில்லை. குடிமகனுக்குச் சொல், அடிமைக்கு வதை என்பதே அச்சமுதாயத்தின் நியதி. எனவே, பண்பாடுகள் இணங்கவைத்தலை எவ்வாறு விளங்கிக்கொண்டன என ஆராய்வோர், அவை வகுத்த பேச்சிலக்கணத்தோடு அமைதல் போதாது. எவரது இணக்கம் நாடப்பட்டது, எவரது இணக்கம் நாடப்படவேயில்லை என்பதையும் வினாவுதல் வேண்டும்.