கற்றுக்கொண்டே செய்வோம்

ஜார்ஜ்டவுன் ஆலயங்களில் இளையோரைப் பொறுப்பேற்க அழைத்தால், "எனக்குத் தமிழே சரியா வராதுங்க" என்று பின்வாங்குகிறார்கள். வானொலியில் பேசியே பிழைக்கும் எனக்கும் பிரசங்க மேடை என்றால் நா வறளும்.

அப்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது வேதநாயகம் சாமுவேல் அசரியாவை. திருநெல்வேலிப் பக்கம் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், பட்டம் பெறவில்லை. 1909இல் தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்கு ஊழியத்துக்குப் போனார். அந்த மக்களுக்காகத் தெலுங்கு கற்றார். 1912இல் கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

மோசேகூட வாய் திக்குகிறது என்றுதான் தயங்கினார். துணைக்கு ஆரோன் கிடைத்தார்.

அடுத்த முறை உங்களை அழைத்தால், "கற்றுக்கொள்கிறேன், கூட ஒருவர் இருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். தொடங்க அது போதும்.