அடுக்களை, அரங்கம், தொழிற்கூடம்

வெல்லம் பொதிந்து வந்த ஒரு காகிதத் துண்டுதான் வி. டி. பட்டதிரிப்பாடு தம் வாழ்வில் முதன்முதலாகப் படித்த ஏடு. 1896இல் பிறந்த அவர், இளமையில் கோயில் அர்ச்சகராக இருந்தார். மந்திரங்கள் மனப்பாடம், தாய்மொழியான மலையாளத்தில் எழுத்துக்கூட்டத் தெரியாது. பள்ளிக் கணக்கில் ஐயம் கேட்டு வந்த ஒரு சிறுமிக்கு விடை சொல்ல இயலாமல் நாணியவர், பின்னர் அவளிடமே எழுத்துகளைக் கற்றுக்கொண்டார். அந்தக் காகிதத்தில் அவர் எழுத்துக்கூட்டிப் படித்தது ‘மான் மார்க் குடை’ என்னும் விளம்பரம். கேரளத்து நம்பூதிரிப் பெண்கள் கையில் பிடித்திருந்த மறைக்குடையை இறக்கி வைக்கச் சொல்லி ஒரு நாடகம் எழுதியவரும் இவரே என்று அறியும்போது, வாழ்க்கைக்கும் நாடகம் எழுதத் தெரியும் போலும் என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்தக் குடை வெயிலுக்கோ மழைக்கோ உரியதன்று. நம்பூதிரி இல்லங்களின் பெண்களுக்கு ‘அந்தர்ஜனம்’ என்று பெயர். உள்ளே இருப்பவர் என்பது பொருள். வெளியே செல்ல நேர்ந்தால் உடலைப் போர்த்திக்கொண்டு, ஓலைக்குடையால் முகத்தை மறைத்து, பணிப்பெண் முன்னே நடக்கச் செல்ல வேண்டும். மூத்த மகன் மட்டுமே தன் சமூகத்துக்குள் மணம் செய்யலாம் என்பது வழக்கம். இளையவர்கள் பிற சமூகப் பெண்களோடு ‘சம்பந்தம்’ வைத்துக்கொண்டனர். இதனால் பெண்கள் பலருக்கு மணமகனே கிடைக்கவில்லை. பலர் முதியவருக்கு இரண்டாம், மூன்றாம் மனைவியாயினர். பருவம் கடக்குமுன் கைம்பெண் ஆனோரும் இருந்தனர். சொத்து மிகுந்த வீடுகளில் வாழ்ந்த அவர்கள் கையில், தமதென்று சொல்ல ஒரு காசு இருந்ததில்லை.

1929 டிசம்பரில், திருச்சூருக்கு அருகிலுள்ள எடக்குன்னியில், நம்பூதிரிகளின் யோகக்ஷேம சபைக் கூட்டத்தையொட்டி ‘அடுக்களையில் நின்னு அரங்கத்தேக்கு’ என்னும் பட்டதிரிப்பாட்டின் நாடகம் அரங்கேறியது. அடுக்களையிலிருந்து அரங்கத்துக்கு என்று தமிழில் சொல்லலாம். சபையோரின் வீட்டுக்கதையே அவர்கள் கண்முன் நடந்தது. தேத்தி என்னும் இளம்பெண்ணை ஒரு முதியவருக்கு மணமுடிக்க ஏற்பாடாகிறது. படித்த இளைஞர்கள் அதைத் தடுக்கின்றனர்; அவள் விரும்பிய மாதவனையே மணக்கிறாள்.

சமுதாயம் தன்னைப் பற்றித் தானே நடித்துத் தானே பார்க்கும் நாடகத்துக்கு உள்ள வலிமையை அடுத்த சில ஆண்டுகள் காட்டின. எம். ஆர். பட்டதிரிப்பாடு ‘மறக்குடைக்குள்ளிலெ மகாநரகம்’ என்றொரு நாடகம் எழுதினார். குடைக்குள்ளே ஒரு பெருநரகம் என்பது அத்தலைப்பின் கருத்து. எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1934இல், வி.டி.யின் மனைவியின் தங்கையும் கைம்பெண்ணுமாகிய உமா அந்தர்ஜனத்தை மணந்தார். இளைய ஆண்மக்களும் சமூகத்துக்குள் மணம் செய்ய 1933ஆம் ஆண்டின் மதராஸ் நம்பூதிரிச் சட்டம் வழிவகுத்தது. மலபார் அந்நாளில் சென்னை மாகாணத்தின் பகுதி.

எனினும் 1929ஆம் ஆண்டு நாடகத்தில் நம்மை உறுத்தும் ஒன்று உண்டு. எழுதியவர் ஆண். பெண் வேடம் புனைந்தவர்களும் ஆண்களே. தேத்தியை மீட்பவர்களும் ஆண்கள். அவள் சென்று சேரும் இடமும் மற்றொரு கணவனின் இல்லம். அக்காலத்தை நோக்க அது பெரும் பாய்ச்சல்தான், அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் தேத்தியே எழுதியிருந்தால் கதை எங்கே முடிந்திருக்கும்?

இந்த வினாவுக்கு விடை பத்தொன்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. இன்றைய பாலக்காடு மாவட்டத்து லக்கிடியில், அந்தர்ஜனங்கள் உழைத்துத் தம் காலில் நிற்பதற்கென ஒரு தொழிற்கூடம் இயங்கியது. அங்கிருந்த பெண்கள் ஒன்றுகூடி 1948இல் ‘தொழில்கேந்திரத்திலேக்கு’ என்னும் நாடகத்தை உருவாக்கினர். தனியொருவர் பெயரில் அன்றிக் கூட்டாக எழுதினர். ஆண் பாத்திரங்களையும் தாமே ஏற்று நடித்தனர். இதன் தலைவி தேவகி, விருப்பமில்லாத் திருமணத்தை மறுக்கிறாள். அவளை மீட்க எந்த மாதவனும் வரவில்லை. வீட்டை விட்டு வெளியேறித் தொழிற்கூடத்தை நோக்கி நடக்கிறாள்.

இரு தலைப்புகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். முதலாவது அரங்கத்துக்கு அழைத்தது, இரண்டாவது தொழிற்கூடத்துக்கு. சொந்த உழைப்பு, சொந்த ஊதியம் என்னும் எண்ணம் அந்தப் பெண்கள் பேனா பிடித்த பிறகே கதையின் முடிவாயிற்று. நாடக வரலாறுகள் நெடுங்காலம் இதைக் கண்டுகொள்ளாதிருந்து, பிற்காலப் பெண்ணிய ஆய்வாளர்களே மீட்டெடுத்தனர் என்பது நமக்கு வியப்பளிக்கவில்லை; வருத்தமளிக்கிறது.

முடிவை எழுதுபவர் யார் என்னும் இதே வினாவை மேற்கு வங்கத்தில் ஒரு நாடகக் குழு தன் முறையாகவே ஆக்கிக்கொண்டிருக்கிறது. 1985இல் சஞ்சய் கங்குலி தொடங்கிய ‘ஜன சம்ஸ்கிருதி’ சுந்தரவனப் பகுதிச் சிற்றூர்களில் வேர்கொண்டது. பிரேசில் நாட்டு நாடகாசிரியர் அகஸ்தோ போவாலின் வழியைப் பின்பற்றும் இக்குழு, நாடகத்தை முடிப்பதே இல்லை. சிக்கல் முற்றும் இடத்தில் நடிப்பு நிற்கும். நெறியாளர் ஊராரிடம் திரும்பி, இவ்விடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார். விடை சொல்பவர் இருந்த இடத்திலிருந்து சொல்லிவிட்டுப் போக முடியாது. மேடையேறி, அந்தப் பாத்திரமாக நின்று, செய்து காட்ட வேண்டும்.

நம் குடியிருப்புச் சங்கங்களும் மகளிர் குழுக்களும் மார்ச் 8ஆம் நாள் நாடகம் போட எண்ணினால், இம்முறையை எண்ணிப் பார்க்கலாம். பெருஞ்செலவில்லை, ஒளியமைப்பு வேண்டாம், திண்ணையோ மொட்டைமாடியோ போதும். கதையை வெளியே தேடவும் வேண்டாம். ஒத்திகைக்கு வர முடியாத பெண் ஏன் வர முடியவில்லை என்பதிலிருந்தே முதற்காட்சியைத் தொடங்கலாம். அன்று மாலை அவர் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் உண்டா என்பதையும் குழு முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

ஜன சம்ஸ்கிருதியின் நாடகங்களுள் ஒன்று ‘சோனார் மேயே’, அதாவது பொன்மகள். ஒரு பெண்ணின் திருமணத்தையும் வரதட்சணையையும் சுற்றி நகர்வது. இத்தகைய நாடகத்தில் அந்தத் தந்தையின் இடத்தில் நான் இருந்தால் ஒரு காசு கொடுக்க மாட்டேன் என்று ஒருவர் எழுந்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடிகர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. பெண்ணுக்கு வயதாகிறதே என்கிறாள் தாய். ஊர் என்ன சொல்லும் என்கிறார் மாமன். வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் எழுகின்றனர். வந்தவர் ஓரிரு நிமிடங்களில் சொல்லின்றி நிற்கிறார். நெறியாளர் மீண்டும் கூட்டத்தைப் பார்க்கிறார். இம்முறை பின்வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் கை உயர்கிறது.