கதைக்குப் பின் கதை – 14: “மூலத்துலயே அப்படித்தான் இருக்கு!”

போன வாரம் 1967இல் ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடரின் ரசிகைகள் சொந்தக் காசில் ரசிகர் கதை இதழ் போட்ட இடத்தில் விட்டேன். அதைத் தவறவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி சொல்ல இடமில்லை.

‘பொன்னியின் செல்வ’னுக்குத் தொடர்ச்சி எழுதியவர்களை இந்த வாரம் பார்ப்பதாகப் பேச்சு. ஆனால் நான் உட்கார்ந்திருப்பது பழனி மலைத்தொடரின் கிளாவரையில். பூம்பாறை, மன்னவனூர், பூண்டி எல்லாம் தாண்டி, பேருந்து திரும்புகிற கடைசி ஊர். தங்கியிருக்கும் வீட்டில் தலைக்கு மேல் வரிசையாக மலைப்பூண்டுக் கட்டுகள். அடுப்புப் புகை ஏறி ஏறித் தோல் பழுப்பாகியிருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்து வீட்டுக்காரரின் மகள் செல்போனில் ரசிகர் கதைகள் படிக்கிறாள். சினிமா நாயகனையும் நாயகியையும் வைத்து ரசிகர்களே நீட்டி எழுதுகிற கதைகள்.

“நம்ம மலைக்குக் கதை வந்துச்சுன்னா ஒண்ணு தேனிலவு, இல்லைன்னா பேய் பங்களா சார். இங்க இருக்கிற ஆளுங்க மூட்டை தூக்குவாங்க, ‘தொரே’ம்பாங்க. ஒரு வாக்கியம் முழுசாப் பேச மாட்டாங்க” என்றாள். அப்படி ஒரு கதை எழுதியவருக்கே இதைச் சொல்லியிருக்கிறாள். மூலப் படத்துலயே அப்படித்தான் இருக்கு என்று பதில் வந்ததாம்.

இந்தப் பதிலைத்தான் நான் விடுவதாக இல்லை. ரசிகர் கதை எழுதுகிறவர்கள் செத்த நாயகனைப் பிழைக்க வைக்கிறார்கள். வில்லனுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். ஊரை மாற்றி, காலத்தை மாற்றி, க்ளைமாக்ஸையே தூக்கிக் கடாசுகிறார்கள். மூட்டை தூக்குகிறவனுக்கு ஒரு வாக்கியம் கொடுக்கச் சொன்னால் மட்டும் மூலத்தின் மீது பக்தி பொத்துக்கொண்டு வருகிறது.

இது நம்மூர் நோய் மட்டுமில்லை. 2010 ஜனவரியில் ஹைட்டியில் பூகம்பம். அடுத்த சில மாதங்களில், அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் இரு வெள்ளை நடிகர்களை அங்கே கொண்டுபோய் இறக்கிக் காதல் கதை எழுதினார் ஒரு ரசிகர். இடிபாடும் பிணமும் பின்திரை. ஹைட்டிக்காரர்கள் துணை நடிகர்கள். கறுப்பின ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 2019இல் ஹ்யூகோ விருதே வாங்கிய பெரிய ரசிகர் கதைக் களஞ்சியத்தின் நிர்வாகம், 2020இல் இனவெறியைத் தடுக்க வழி செய்கிறோம் என்றது. சொன்னது என்னாயிற்று என்று 2023இல் ரசிகர்களே போராட வேண்டியிருந்தது.

கிளாவரைக் குளிரில் இதையெல்லாம் யோசித்துக்கொண்டு நான் புரட்டியது புதுமைப்பித்தனை. அகலிகையை அந்த மனுஷன் ஒரு தடவை எழுதி விடவில்லை. 1934இல் ‘அகல்யை’, 1943இல் ‘சாபவிமோசனம்’. ஒரே பாத்திரத்திடம் ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பி வருகிறவனை ரசிகன் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? என்னைத் துள்ள வைத்தது ‘சாபவிமோசன’த்துக்கு முன்னால் அவர் போட்ட சின்னக் குறிப்பு. ராமாயணம் அறிந்தவர்களுக்கு இது பிடிபடாமல் போகலாம், பிடிக்காமலும் போகலாம், எனக்குக் கவலையில்லை என்கிற தோரணை. இன்றைய ரசிகர் கதைகளின் தலையில் ‘பிடிக்காதவர்கள் படிக்க வேண்டாம்’ என்று போடுகிறார்களே, அதன் தாத்தா! ஆனால் தாத்தா அந்தக் குறிப்பை எதற்குச் செலவழித்தார் என்று பாருங்கள். சீதை தீக்குளித்ததை அவள் வாயாலேயே கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். மூலத்தில் வாயடைத்துக் கிடந்தவளுக்குப் பேச்சைக் கொடுக்க, மூலத்தையே மீறினார். இன்றைய ரசிகர்கள் அதே குறிப்பைப் போட்டுவிட்டு, வாயடைத்தவர்களை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

புதுமைப்பித்தனும் தப்பவில்லை. ‘துன்பக்கேணி’யும் ‘பொன்னகர’மும் தலித்துகளை இழிவாகக் காட்டுகின்றன என்று எதிர்ப்பு எழுந்து, 2014இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. நானாக இருந்தால் கதைகளை எடுக்காமல், ராஜ் கௌதமனின் ‘புதுமைப்பித்தன் எனும் பிரம்மராக்ஷஸ்’ஸைப் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்தச் சொல்லியிருப்பேன். மாணவர்கள் சண்டை போடட்டுமே.

மூலத்தை அடியோடு கவிழ்த்தவர் என்றால் புலவர் குழந்தைதான். அரக்கர் என்று ஒதுக்கப்பட்டவர்களை மனிதர்களாக்கி ‘இராவண காவியம்’ பாடினார். 1948இல் தடை, நீங்க 1971 ஆயிற்று. கோரைப்பல்லையும் கறுப்பு மேனியையும் மாற்றி எழுதுவது அரசாங்கத்தையே உறுத்துகிற காரியம் என்றால், அது சில்லறை விஷயமா?

இந்த மலையிலும் ஒரு ரசிகர் கதை உண்டு. பழனி மலையெங்கும் பழங்காலத்துக் கல்லறைகள், பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல் மூடியவை. ஆங்லேட் பாதிரியாரும் நியூட்டனும் அவற்றைப் பற்றி எழுதிய புத்தகத்தைத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. பேத்துப்பாறையில் அவை குள்ளர் குகை. கேரளப் பக்கம் மறையூரில் முனியறை. வேறு இடங்களில் பாண்டவர் வனவாசத்தில் கட்டியதாம். குள்ளருக்குக் கொடுத்தோம், முனிவருக்குக் கொடுத்தோம், அஸ்தினாபுரத்திலிருந்து ஆள் வரவழைத்தும் கொடுத்தோம். இந்த மலையில் வாழ்ந்து செத்த சாதாரண சனம் கட்டியது என்று எனக்கு யாரும் கதை சொன்னதில்லை.

வீட்டுக்காரர் மகள் அந்தக் கதையை இப்போது தானே திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறாள். அதில் மூட்டை தூக்குகிறவர் நாயகனிடம் முதலில் கூலி பேசுகிறார். மூன்றாம் அத்தியாயம் வரை காட்டினாள். நாயகன் இன்னும் பேரத்திலிருந்து மீளவில்லை.

‘பொன்னியின் செல்வ’னைத் தொடரும் விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ அடுத்த வாரம். பூங்குழலிக்கு ஏன் அவள் விரும்பிய இளவரசன் கிடைக்கவில்லை என்பதும் அப்போதுதான்.

(தொடரும்)