நீர்க்கட்டி நோயும் விட்டமின் ‘டி’யும்

புதுவையின் நெற்களஞ்சியம் எனப் புகழ்பெற்ற பாகூரிலும், ஊசுட்டேரியின் நீர்வளம் வாய்ந்த வில்லியனூரிலும் ஞாயிற்றின் ஒளிக்குப் பஞ்சமில்லை. ஆயினும், அவ்வொளியால் உடலில் உண்டாகும் விட்டமின் ‘டி’ என்னும் ஜீவசத்து அவ்வூர்ப் பெண்களிடத்தும் குறையக் கூடும் என்பது வியப்பன்றோ? மாதவிலக்குத் தவறும் இளம்பெண்ணிடம், ‘இச்சத்தை உட்கொள், நீர்க்கட்டி கரைந்துவிடும்’ என்று அண்டைவீட்டார் கூறுவதும் உண்டு. இக்கூற்று எத்துணை உண்மை என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். சிகாகோ நகரத்து மருத்துவராகிய ஸ்டைன், லெவந்தால் என்னும் இருவர், ஏழு பெண்களிடத்துத் தாம் கண்ட குறிகளைத் தொகுத்து 1935-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பெயர் நீர்க்கட்டியாயினும் இவை உண்மையிற் கட்டிகள் அல்ல. முதிராது சினைப்பையிலே நின்றுவிட்ட சிறு முட்டைப்பைகளே. இந்நோயுடையார் பலரிடத்து இன்சுலின் செவ்வனே தொழிற்படுவதில்லை. அதனை ஈடுசெய்ய உடல் இன்சுலினை மிகுதியாகச் சுரக்கின்றது. அம்மிகுதி சினைப்பையைத் தூண்டி, ஆண்தன்மை தரும் ஹார்மோனைப் பெருக்குகின்றது. அதனால் முட்டை முதிர்ந்து வெளிப்படுதல் தடைப்படும், மாதவிலக்குத் தவறும், முகத்திற் பருவும் மயிரும் தோன்றும். பிள்ளைப்பேற்றுப் பருவத்துப் பெண்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்க்கு இந்நோய் உண்டு.

இனி, ஜீவசத்தின் இயல்பைக் காண்போம். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் தோலிற் படும்போது அது உண்டாகின்றது. நண்பகலையொட்டிய வெயிலே இதற்குச் சிறந்தது. கண்ணாடியூடு புகும் வெயிலால் இது விளைவதில்லை. காலையிற் பேருந்தேறி மாலையில் மீளும் மாணவிக்கும், சேலைமேல் முழுக்கைச் சட்டையும் தலையில் துணியும் அணிந்து நாற்று நடும் பெண்ணுக்கும் அவ்வெயில் தோலிற் படுவது எங்ஙனம்? திருப்பதிப் பகுதியில் நடைபெற்று 2007-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், கிராமத்துப் பெண்களுள் பெரும்பாலோர்க்கு இக்குறை இருத்தல் கண்டறியப்பட்டது. ஆதலின், வெயில் மிக்க ஊரில் வாழ்தல் மட்டும் காப்பாகாது.

நீர்க்கட்டி நோயுடையார் பலரிடத்து இச்சத்துக் குறைந்திருத்தல் மெய்யே. ஆயினும், ஒருங்கே காணப்படும் இரண்டனுள் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று துணிதல் தகாது. இச்சத்துக் கொழுப்பிற் கரைவது. பருமன் மிக்கார்க்கு அது கொழுப்பிலே தங்கி, இரத்தத்திற் குறைந்து காணப்படும். அப்பருமனோ நீர்க்கட்டி நோயோடும் தொடர்புடையது. சத்தை ஊட்டிச் செய்த சோதனைகள் சிலவற்றில் இன்சுலின் தொழில் சற்றே சீர்ப்பட்டது. வேறு சிலவற்றிற் பயன் தோன்றவில்லை. ஆகவே, குறையுடையார் அது நீங்க உண்ணலாம். எலும்பிற்கு அது நன்று. நீர்க்கட்டி நோய்க்கு அதுவே மருந்து என நம்புதல் பிழையாம்.

அளவும் கருதத்தக்கது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தபடி, வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு வேண்டுவது 600 அலகே. கடையில் விற்கும் பொட்டலம் ஒன்றிலோ 60,000 அலகு உண்டு! இரத்தத்தைச் சோதித்து, வாரம் ஒன்றாகச் சில வாரங்களுக்கு மருத்துவர் குறித்துத் தருவதனை, நாள்தோறும் பாலிற் கலந்து பருகினால் என்னாகும்? இரத்தத்திற் சுண்ணாம்புச்சத்து மிகுந்து, வாந்தியும் தாகமும் தோன்றிச் சிறுநீரகமும் கெடக் கூடும்.

வரன் அமையாதென அஞ்சி, மகளின் நோயைத் தாயரே மறைக்கும் வழக்கம் நம்மிடையே உளது. மறைத்தலால் நோய் நீங்குவதில்லை. மாதவிலக்குப் பலகாலும் நெடுநாள் வாராதொழியின், கருப்பையின் உட்சவ்வு தடித்துப் பிற்காலத்தில் பெருந்தீங்கு விளையவும் கூடும். மூன்று திங்கள் விலக்கு வாராதிருப்பின், அண்மையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, எல்லைப்பிள்ளைச்சாவடியிலுள்ள அரசு மகளிர் மருத்துவமனையையோ நாடுதல் வேண்டும். அளவறிந்த உணவும் இடையறாத உடற்பயிற்சியுமே சிகிச்சையின் முதற்படி. பருமனுடையார் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலும் சிலர்க்கு விலக்குச் சீர்ப்படும். இந்நோயுடையாருள் மிகப் பலர் தாயராகின்றனர் என்பதையும் மறத்தல் கூடாது. இவ்வுண்மைகளை விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவியர் தம் தாயர்க்கும் தங்கையர்க்கும் எடுத்துரைப்பாராயின், அச்சத்தால் வாய்மூடி வருந்தும் பெண்கள் காலத்தே மருத்துவரை அடைவர்.