தகட்டில் எழுதிய வாட்டும் தோட்டத்தில் கிடைக்கும் வாட்டும்

சென்ற சித்திரையில் விவசாயி ஒருவர் நம் அலுவலகத்திற்கு வந்து முறையிட்டார். அவருடைய 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு, ஒவ்வொன்றும் 540 வாட் வீதம் 9 சூரிய மின்தகடுகள் பொருத்தப்பட்டிருந்தன. கணக்குப்படி 4860 வாட். பெட்டியோ உச்சி வேளையிலும் 3800 வாட்டே காட்டியது. "ஏமாற்றி விட்டார்கள் ஐயா" என்றார் அவர். நிறுவனத்திற்குரிய பணத்தை நிறுத்தச் சொல்ல வேண்டுமென்று உடன் வந்த ஊராட்சி உறுப்பினரும் வற்புறுத்தினார்.

540 என்னும் எண் எவ்வாறு பிறந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். தொழிற்சாலையில் ஒவ்வொரு தகட்டின் மீதும் சதுர மீட்டருக்கு 1000 வாட் வீதம் ஒளியைக் கணநேரம் பாய்ச்சி அளக்கின்றனர். அப்பொழுது தகட்டின் சூடு 25 டிகிரி செல்சியஸ். ஈர நெல்லையும் காய்ந்த நெல்லையும் ஒரே மரக்காலில் அளந்து ஒப்பிடலாகாதல்லவா? பல நிறுவனங்களின் தகடுகளை ஒப்பிட ஏற்பட்ட பொது அளவே இது. தோட்டத்திற்கு அளித்த வாக்குறுதி அன்று.

நம் கோடையில் தகடு 60 டிகிரிக்குச் சுடுகிறது. வெயில் மிகுந்தால் மின்சாரம் மிகும். சூடு மிகுந்தாலோ குறையும். இதுதான் பலருக்கும் விளங்காத இடம். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 100-க்கு 0.35 அளவில் திறன் குறைவதாகக் கொள்வோம். 35 டிகிரிக்கு 100-க்கு 12 போய்விடும். அன்று ஒளியும் 900 வாட்டாக இருப்பின், 540-இல் பத்திலொரு பங்கு கழிந்து 486. சூட்டினால் மேலும் குறைந்து ஏறத்தாழ 426. ஒன்பது தகடுகளுக்கு 3834. ஆகவே அவ்விவசாயியின் தகடுகளில் குறையில்லை.

நிறுவனம் தரும் விவரத்தாளில் இரண்டாவதாக ஓர் எண் வரிசையும் உண்டு. 800 வாட் ஒளி, 20 டிகிரி காற்று, நொடிக்கு 1 மீட்டர் காற்றோட்டம் என்னும் நிலையில் கணித்தது அது. 540 வாட் தகட்டுக்கு அங்கே சுமார் 400 என்றிருக்கும். கொள்முதலின்போது உறுப்பினர்கள் அவ்வரிசையைக் கேட்டுப் பார்ப்பது நலம். 3730 வாட் மோட்டாருக்கு 4800 வாட் அளவில் தகடு வைப்பதன் காரணமும் அப்பொழுது விளங்கும்.

இதனைச் சாக்காகக் கொண்டு, எல்லாக் குறைவையும் வெயிலின்மேல் போடுவோரும் உளர். வேறொரு தோட்டத்தில் அதே 9 தகடுகள் 2500 வாட்டே காட்டின. "கோடையில் அப்படித்தான்" என்று பதில் வந்தது. நேரில் சென்று பார்த்தோம். மூன்று தகடுகளின் மீது தென்னை ஓலையின் நிழல் கிடந்தது. ஓலையை வெட்டிய மறுநாள் பெட்டி 3700-ஐத் தாண்டியது.

நிழலும் தூசும் இல்லாத தகடு, கணக்கிற்கு மிகக் குறைவாகக் காட்டுமானால், ஒளியளவு, தகட்டின் சூடு, வாட் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் அளந்து, நேரத்துடன் குறித்து வைத்து, உத்தரவாதக் காலத்திற்குள் எழுத்து மூலம் புகார் செய்தல் வேண்டும்.