ஆற்றங்கரை ஆலை வீடு விலைக்கு!

வீடு ஒன்று விலைக்கு வருகிறது. சாதாரண வீடு அல்ல. வீட்டுக்கு அடியிலேயே தண்ணீர் ஓடும் வீடு!

கூடத்தின் நடுவே ஒரு பருத்த மரத்தூண். தலைக்கு மேலே மரத்தால் ஆன பெரிய பல் சக்கரங்கள். மூலையில் நாலடி அகலத்துக்கு இரண்டு வட்டக் கற்கள். ஜன்னலைத் திறந்தால் ஆறு. ஆற்றில் வாத்துகள். படுக்கையில் படுத்தால் இரவு முழுதும் தண்ணீர்ச் சத்தம்.

இது கதையில் வரும் வீடு அல்ல. இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் இப்படிப்பட்ட வீடுகள் அவ்வப்போது விலைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. பெரிய வீடாகவும் நல்ல நிலையிலும் இருந்தால் விலை பத்து லட்சம் பவுண்டைத் தாண்டுவதும் உண்டு. நம் பணத்தில் பத்துக் கோடி ரூபாய்க்கும் மேல்!

ஒரு பழைய மாவு மில்லுக்கா இத்தனை பணம் என்கிறீர்களா? கேளுங்கள்.

தண்ணீர் அரைத்த மாவு

நம் வீட்டுப் பெண்கள் விடிவதற்கு முன்பே எழுந்து திரிகை சுற்றினார்கள். இங்கிலாந்தில் அந்த வேலையை ஆறு செய்தது. ஆற்றின் குறுக்கே சின்ன அணை. அணையிலிருந்து ஒரு வாய்க்கால். வாய்க்காலின் முடிவில் மதகு. மதகைத் தூக்கினால் தண்ணீர் பாய்ந்து மரச் சக்கரத்தில் விழும். சக்கரம் சுற்றும். அதோடு பற்கள் சுற்றும். மாடியில் மேல் கல் சுற்றும். கோதுமை மாவாகும்.

கல் தேய்ந்து போனால் கொத்த வேண்டும். நம் தெருவில் "அம்மி கொத்தலையோ" என்று கூவி வந்தார்களே, அதே வேலைதான். அங்கேயும் உளியோடு ஊர் ஊராகப் போய்க் கல் கொத்தியவர்கள் இருந்தார்கள்.

1086-ல் இங்கிலாந்து அரசர் நாடு முழுதும் சொத்துக் கணக்கு எடுத்தார். அந்தக் கணக்கிலேயே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாவு ஆலைகள் பதிவாகி இருக்கின்றன. ஆலை ஊர்ப் பிரபுவுக்குச் சொந்தம். குடியானவன் அங்கேதான் அரைக்க வேண்டும். கூலியாக மாவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். ஆலைக்காரன் கை அளவில் ஏமாற்றுகிறான் என்று ஊரெல்லாம் புலம்பும். எந்த ஊரானால் என்ன, அளந்து எடுப்பவன் மேல் சந்தேகம் வராமல் இருக்குமா?

ஆலைக்காரன் ஆலையை ஒட்டியே குடியிருந்தான். காரணம் உண்டு. நடு இரவில் வெள்ளம் வந்தால் எழுந்து ஓடி மதகைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் மேட்டு வயல்களில் தண்ணீர் ஏறிவிடும். அவன் குடியிருந்த அந்த வீடும் ஆலையும்தான் இன்று கோடிக்கணக்கில் விலை போகின்றன.

ஓவியர் தீட்டிய ஆலை

இந்த ஆலைகளில் உலகப் புகழ் பெற்றது ஒன்று உண்டு. ஸ்டவர் என்ற ஆற்றின் கரையில் உள்ள பிளாட்போர்டு ஆலை. ஜான் கான்ஸ்டபிள் என்ற பெரிய ஓவியரின் தகப்பனார்தான் அதை நடத்தினார். 1776-ல் பிறந்த கான்ஸ்டபிள் அந்த ஆற்றங்கரையிலேயே வளர்ந்தார். அந்த ஆறு, அந்த மதகு, அந்தக் கரை மரங்கள், இவற்றையே திரும்பத் திரும்பத் தீட்டினார். 1821-ல் அவர் முடித்த வைக்கோல் வண்டிப் படம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. ஆலை 1943-ல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதை இனி யாரும் விலைக்கு வாங்க முடியாது.

மற்ற ஆலைகள் அப்படி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகங்களில் நீராவியால் ஓடும் பெரிய ஆலைகள் வந்தன. கல்லுக்குப் பதில் இரும்பு உருளைகள். கப்பலில் வந்து இறங்கிய வெளிநாட்டுக் கோதுமை அங்கேயே மாவாயிற்று. கிராமத்து ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. சில இடிந்தன. சில வீடுகள் ஆயின.

வாங்கலாம், இடிக்க முடியாது!

வாங்குகிறவர் ஆலையை இடித்துவிட்டு நாலு மாடி கட்ட முடியுமா? முடியாது. 1947-ல் நம் நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில் அங்கே ஒரு சட்டம் வந்தது. பழைய கட்டடங்களுக்குப் பட்டியல் போட்டார்கள். அரண்மனையும் மாதாகோயிலும் மட்டும் அல்ல. ஆலைக்காரன் வீடும் அந்தப் பட்டியலில் ஏறியது. பட்டியலில் உள்ள வீட்டில் அனுமதி இல்லாமல் சுவரை இடித்தாலும், உள்ளே இருக்கும் பல் சக்கரத்தைக் கழற்றி விற்றாலும் குற்றம். வழக்கு வரும்.

தொல்லை அதோடு தீரவில்லை. வெள்ள பயம் இருப்பதால் இன்சூரன்ஸ் கொடுக்கத் தயங்குவார்கள். மதகையும் வாய்க்காலையும் வீட்டுக்காரர்தான் பல இடங்களில் பார்த்துக்கொள்ள வேண்டும். விலாங்கு மீன் தடையில்லாமல் ஏறிப் போக வழி விட வேண்டும் என்றுகூட 2009-ல் ஒரு விதி வந்தது! இத்தனையும் தெரிந்தேதான் வாங்குகிறார்கள். சிலர் பழைய வாய்க்காலிலேயே சின்ன டர்பைன் வைத்து வீட்டுக்கு மின்சாரம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நூல் நூற்கும் இடம் 'மில்' ஆனது எப்படி?

கோவைப் பக்கத்தில் 'மில்லு' என்றால் யாரும் மாவை நினைப்பதில்லை. பஞ்சாலைதான். ஆனால் அந்தச் சொல்லின் அர்த்தம் அரைக்கும் இடம் என்பது. அது பஞ்சுக்கு எப்படி வந்தது?

1771-ல் ரிச்சர்டு ஆர்க்ரைட் என்பவர் இங்கிலாந்தில் குரோம்போர்டு என்ற ஊரில் தண்ணீர்ச் சக்கரத்தால் பஞ்சு நூற்கும் ஆலையை ஏற்படுத்தினார். மாவு ஆலையைப் போலவே சக்கரம், வாய்க்கால், மதகு. ஆகவே அதற்கும் 'மில்' என்றே பெயர் நிலைத்தது. அந்தப் பெயர் கப்பல் ஏறி நம் ஊருக்கு வந்துவிட்டது. ஆறு மட்டும் கூட வரவில்லை!

சூலூரில் கேட்டேன்

சூலூர் பெரிய குளத்துக் கரையில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வயதில் பஞ்சாலையில் சேர்ந்து சைடராக வேலை பார்த்தவர். நூல் அறுந்தால் ஓடி ஓடி ஒட்டுகிற வேலை.

"ஏனுங்கய்யா, நம்ம நொய்யல் கரையில தண்ணியில ஓடுற மில்லு எதாச்சும் இருந்துதுங்களா?"

அவர் சிரித்துவிட்டார்.

"நல்லாக் கேட்டீங்க போங்க தம்பி! ஆத்துல வர்ற தண்ணி குளம் ரொம்பறதுக்கே பத்தாது. சக்கரத்துக்கு எங்கீங்க போறது?"

உண்மைதான். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் மழைக் காலத்து ஆறு. வருகிற வெள்ளத்தை அணை கட்டித் திருப்பி, வாய்க்கால் வெட்டி, குளம் குளமாக நிரப்பிக்கொள்வதுதான் நம் முன்னோர் கண்ட வழி. சூலூர்க் குளங்களும் அப்படி நிரம்பியவைதான். இங்கிலாந்துக்காரர் மதகு திறந்தது சக்கரத்துக்கு. நாம் திறந்தது வயலுக்கு.

"ஆனா ஒண்ணுங்க தம்பி" என்றார் பெரியவர். "மலையில மழை இல்லாட்டி எங்களுக்கு வேலை இல்லீங்க. கரண்ட் வெட்டுன்னு சொல்லிப் போடுவாங்க. மில்லு நின்னு போகும். ஊட்டிப் பக்கம் மேகம் ஏறுதான்னு நாங்க பாத்துட்டு நிப்போம்."

இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியவர் சொன்னதன் பொருள் என்ன? கோவை மில்களும் தண்ணீரில்தான் ஓடின!

சக்கரம் மலையில், ஆலை ஊரில்

கோவையின் முதல் பஞ்சாலை 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை தொடங்கியது. மக்கள் ஸ்டேன்ஸ் மில் என்றே சொன்னார்கள். அது நீராவிக் காலம். நிலக்கரி வேண்டும். கரி தூரத்திலிருந்து ரயிலில் வர வேண்டும். அதனால் மில்கள் மெல்லத்தான் பெருகின.

1932-ல் நீலகிரியில் பைக்காரா மின்சார நிலையம் ஓடத் தொடங்கியது. கிளென்மார்கன் மேட்டிலிருந்து சிங்காராவுக்கு இரும்புக் குழாய்கள். மூவாயிரம் அடிக்கு மேல் உயரத்திலிருந்து தண்ணீர் இறங்குகிறது. கீழே கிண்ணம் கிண்ணமாகக் கோத்த இரும்புச் சக்கரம். தண்ணீர் கிண்ணத்தில் மோதச் சக்கரம் சுற்றுகிறது. பழைய மாவு ஆலையின் சக்கரத்துக்கு இது பேரப்பிள்ளை!

ஒரே ஒரு வித்தியாசம். சக்கரத்துக்கும் ஆலைக்கும் நடுவே மைல் கணக்கில் கம்பி. ஆற்றங்கரையைத் தேடி ஆலை போக வேண்டியதில்லை. பருத்தி விளையும் மேட்டு நிலத்துக்கு, ஆள் கிடைக்கும் ஊருக்கு, கம்பி வழியாக ஆறு தேடி வந்தது. பீளமேடு, சிங்காநல்லூர் என்று கோவையைச் சுற்றிலும் சூலூர்ப் பக்கமும் பஞ்சாலைகள் எழுந்தன. கொங்கு நாட்டைப் பஞ்சாலை நாடாக்கியது அந்தத் தண்ணீர்தான்.

சக்கரத்தைச் சுற்றிவிட்ட அந்தத் தண்ணீர் மாயாற்றில் விழுகிறது. பிறகு பவானி. பிறகு காவிரி. சூலூரைத் தாண்டிப் போகும் நொய்யலும் கொடுமுடிக்கு அருகே காவிரியில்தான் சேர்கிறது.

தமிழ்நாட்டில் ஆற்றை ஒட்டியே எழுந்த பஞ்சாலையும் இல்லாமல் இல்லை. நெல்லைச் சீமையில் பாபநாசத்தில் தாமிரபரணி மலையிலிருந்து இறங்குகிற இடத்தில் 1880-களில் ஹார்வி சகோதரர்கள் கட்டிய மில் அது. அருவித் தண்ணீரின் வேகத்தையே பயன்படுத்திக்கொண்டார்கள். வற்றாத தாமிரபரணி இருந்ததால் முடிந்தது.

நின்ற மில்கள்

நலிந்த பஞ்சாலைகளை 1974-ல் மத்திய அரசு சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. தேசிய பஞ்சாலைக் கழகம் அவற்றை நடத்தியது. ஸ்டேன்ஸ் மில்லும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது கோவையில் இருந்த கழகத்தின் மில்கள் நின்றன. ஊரடங்கு முடிந்த பிறகும் அவை முழுமையாகத் திறக்கவில்லை. திறக்கச் சொல்லித் தொழிலாளர்கள் பலமுறை போராடினார்கள்.

சங்கு ஊதினால் ஊரே மணி தெரிந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. அந்த ஷிப்டுச் சம்பளத்தில்தான் எத்தனையோ குடும்பங்களில் முதல் பிள்ளை காலேஜ் படி ஏறியது. மில் நின்றால் மிஞ்சுவது என்ன? மிஷின் பழைய இரும்புக்குப் போகும். நிலம் மனைக்குப் போகும். அவிநாசி ரோட்டில் லட்சுமி மில் வளாகத்தின் பழைய கட்டடங்களில் ஒரு பகுதி கடைகளும் உணவகங்களுமாகி நிற்கிறது. அது நல்ல காரியம் என்பேன். இடித்துவிட்ட மில்கள் பஸ் ஸ்டாப்பின் பெயராக மட்டும் இருக்கும்.

எல்லாத் தகரக் கொட்டகையையும் காப்பாற்று என்று நான் சொல்ல வரவில்லை. வயிற்றுக்கு முன்னால் கட்டடம் பெரிதல்ல. ஆனால் இங்கிலாந்து ஆலையில் சக்கரம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. பார்த்தவுடனே இது ஆறு ஓட்டிய ஆலை என்று குழந்தைக்கும் தெரியும். நம் மில்லின் சக்கரம் சிங்காராவில் கிடக்கிறது. பீளமேட்டில் நிற்கிறவர் கண்ணுக்குச் சுவரும் புகைபோக்கியும்தான் தெரிகின்றன. இதில் வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு இடிப்பது சுலபமாகிவிடுகிறது.

புறப்படும்போது பெரியவரிடம் அந்த ஆலை வீட்டைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"எத்தனைக்குங்க போகுது?"

"பத்துக் கோடிக்கு மேலேயும் போகுதுங்கய்யா."

"வூட்டுக்கு அடியில ஆறு போகுதுன்னீங்களே, வெள்ளம் வந்தா?"

"உள்ளேயும் வருமுங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அப்ப நமக்கு வேண்டாமுங்க தம்பி."